வீட்டில் பிரட் சுடுவது எப்படி: கையும் மூக்கும் காதும் சொல்லும் பக்குவம்

சின்ன வயதில் எங்கள் வீட்டுக்கு பிரட் பாக்கெட் வந்தால் யாருக்கோ காய்ச்சல் என்று அர்த்தம். ஒரு டம்ளர் சூடான பால், தொட்டுத் தின்ன இரண்டு துண்டு. அதற்கு வாசமும் கிடையாது, சத்தமும் கிடையாது. பாலில் நனைத்த மறு நொடி கரைந்து போகும். மாத்திரை, கஷாயம் வரிசையில்தான் பிரட்டையும் மனசில் சேர்த்து வைத்திருந்தேன்.

கல்யாணமாகி வந்தபிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் சுட்டதில் முதல் முறையாக உருப்படியாக வந்த உருண்டை பிரட்டை வெளியே எடுத்துக் கம்பித் தட்டில் வைத்தேன். அரை நிமிஷம் கழித்து அது சத்தம் போட ஆரம்பித்தது. கடுகு வெடிப்பதைவிட மெலிசு. பக்கத்து அறையில் யாரோ காய்ந்த வாழைச்சருகை மெல்ல மிதிக்கிற மாதிரி. அத்தை ஃபேனை நிறுத்திவிட்டுக் குனிந்து கேட்டார். "ஏம்மா, இது என்ன பேசுது?"

அந்தப் பேச்சு கேட்கிற அளவுக்கு ஒரு பிரட்டை எப்படிச் சுடுவது என்பதுதான் இங்கே. மைதா, தண்ணீர், உப்பு, ஈஸ்ட் மட்டும். பால், வெண்ணெய், சர்க்கரை சேர்த்தால் பஞ்சு மாதிரி பன் வரும். நன்றாகவே இருக்கும், ஆனால் பேசாது. அந்த முறுகிய தோல் இதற்குத்தான் வரும்.

முதலில் நம் ஊர் வெயில்

பெரும்பாலான சமையல் குறிப்புகள் 20, 22 டிகிரியில் இருக்கிற சமையலறைக்காக எழுதப்பட்டவை. "2 மணி நேரம் ஊறவிடுங்கள்" என்று அதில் இருப்பதை அப்படியே மே மாதத்து மதுரையில் செய்தால் மாவு பாத்திரத்தைத் தாண்டி வழிந்திருக்கும். வெப்பம் 10 டிகிரி ஏறினால் ஈஸ்டின் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். ராத்திரி முழுக்க, 18 மணி நேரம் வெளியே வைக்கச் சொல்லும் குறிப்புகள் நமக்கு ஆகவே ஆகாது.

ஆனால் இதில் நமக்கு ஒரு சௌகரியம் உண்டு. இட்லி மாவு பொங்கியதா இல்லையா என்று கடிகாரம் பார்த்து யாரும் முடிவு செய்வதில்லை. மார்கழியில் ஒரு கணக்கு, சித்திரையில் ஒரு கணக்கு. மூடியைத் திறந்ததும் மூக்கு சொல்லும், கரண்டியை விட்டால் கை சொல்லும். பிரட்டுக்கும் அதே பக்குவம்தான். கீழே நான் எழுதுகிற நேரமெல்லாம் ஒரு குத்துமதிப்பு. அதற்குப் பக்கத்தில் இருக்கிற அடையாளத்தைத்தான் நம்ப வேண்டும்.

தேவையானவை

மைதா 350 கிராம், கோதுமை மாவு 50 கிராம், தண்ணீர் 225 மில்லி, உப்பைக் கரைக்கத் தனியாக 30 மில்லி, உப்பு 8 கிராம், இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 2 கிராம் (அரை டீஸ்பூனுக்குச் சற்று மேல்). வடிதுணியில் தூவ ஒரு கைப்பிடி அரிசி மாவு.

தராசு கட்டாயம். கப் கணக்கில் மைதாவை அமுக்கி அள்ளினால் ஒரு எடை, தளர்வாக அள்ளினால் ஒரு எடை. கல் உப்புக்கு ஸ்பூன் கணக்கே உதவாது.

கொஞ்சம் கோதுமை மாவு சேர்ப்பது வாசத்துக்காக. மைதாவை முகர்ந்து பாருங்கள், சுண்ணாம்புச் சுவர் மாதிரி ஒன்றுமே இருக்காது. தவிடும் முளையும் போனபிறகு அங்கே வாசம் வர என்ன இருக்கிறது? மில்லில் அரைத்த கோதுமை மாவில் அது இருக்கும். சிக்கு வாடை அடித்தால் மட்டும் வேண்டாம். முளையில் உள்ள எண்ணெய் கெட்டுவிட்டது. கோதுமை மாவையே முழுசாகப் போட்டால் என்ன என்று கேட்பவர்களுக்கு: போடலாம், ஆனால் தவிட்டுத் துணுக்குகள் மாவின் இழையை அறுக்கும், பிரட் கனக்கும். கல்லில் அரைபடும்போது அதன் மாவுச்சத்து நிறைய உடைந்திருப்பதால் தண்ணீரும் கூடுதலாகக் குடிக்கும். கை பழகியபிறகு அளவை ஏற்றிக்கொள்ளுங்கள்.

ஈஸ்டில் இரண்டு வகை கடையில் கிடைக்கும். பொடிப்பொடியாக இருக்கிற இன்ஸ்டன்ட் ஈஸ்டை மாவிலேயே கலக்கலாம். பெரிய மணிகளாக இருந்தால் அதை வெதுவெதுப்பான தண்ணீரில் நுரைக்கவிட்டு ஊற்ற வேண்டும். கை பொறுக்காத சூடு என்றால் ஈஸ்டும் பொறுக்காது. 60 டிகிரியில் செத்துவிடும். பிரித்த பாக்கெட்டைக் காற்றுப்புகாத டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜில் வையுங்கள்.

தண்ணீருக்கு மண்பானைத் தண்ணீரைத்தான் நான் எடுப்பேன். கோடையில் மேல்நிலைத் தொட்டித் தண்ணீர் குழாயைத் திறந்தாலே சுடும், அதில் பிசைந்தால் மாவு பிசையும்போதே புளிக்கத் தொடங்கிவிடும். பிசைந்து முடித்த மாவைத் தொட்டால் லேசான குளிர்ச்சி தெரிய வேண்டும், 25 டிகிரி சுமார்.

சனிக்கிழமை சாயங்காலம்: பிசைவது

இரண்டு மாவையும் ஈஸ்டையும் கலந்து 225 மில்லி தண்ணீரை ஊற்றி, காய்ந்த மாவு தெரியாத அளவுக்குக் கிளறி மூடி வையுங்கள். கரடுமுரடாக, பார்க்கவே அலங்கோலமாக இருக்கும். அரை மணி நேரம் அதைத் தொட வேண்டாம். கோதுமையில் இருக்கிற இரண்டு புரதங்கள், குளூட்டெனினும் கிளையடினும், தண்ணீர் பட்டதும் தாங்களே கைகோத்துக்கொள்ளும். பிசைகிற வேலையில் பாதி அங்கேயே முடிந்துவிடும்.

அதற்குள் 30 மில்லி தண்ணீரில் உப்பைக் கரையுங்கள். அரை மணி கழித்து அதை மாவில் ஊற்றினால் முதலில் எல்லாம் வழுக்கி, மாவு துண்டு துண்டாகப் பிரிந்து, "கெடுத்துவிட்டோம்" என்று தோன்றும். கெடவில்லை. இரண்டு நிமிஷம் பிசுக்கிக்கொண்டே இருங்கள், உறிஞ்சிக்கொள்ளும்.

இனி மேடையில் கொட்டி எட்டுப் பத்து நிமிஷம் பிசைய வேண்டும். உள்ளங்கையின் அடிப்பகுதியால் முன்னே தள்ளி, மடித்து, கால்வட்டம் திருப்பி, மறுபடி தள்ளுவது. முதல் மூன்று நிமிஷம் விரலெல்லாம் ஒட்டும். இந்த இடத்தில்தான் எல்லோரும் தப்பு செய்கிறோம், இன்னொரு பிடி மைதாவை அள்ளிப் போட்டுவிடுகிறோம். சப்பாத்தி மாவு பிசைந்து பழகிய கைக்கு ஒட்டுகிற மாவைக் கண்டால் பொறுக்காது. பொறுங்கள். ஐந்தாவது நிமிஷத்தில் மாவு தானாகவே விரலை விட்டு மேடையையும் விட்டு விலகி, தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும். மேல்பரப்பு வழவழப்பாகும். கட்டைவிரலால் அமுக்கினால் காதுமடலை அமுக்குகிற மாதிரி இருக்கும்.

போதுமா என்று பார்க்க நெல்லிக்காய் அளவு கிள்ளி, இரண்டு கையாலும் நான்கு பக்கமும் மெல்ல இழுத்துப் பாருங்கள். கிழியாமல் மெலிசாகி, அந்தப் பக்கம் விரலின் நிழல் தெரிந்தால் பக்குவம் வந்துவிட்டது. வீச்சு பரோட்டா போடுகிறவர் கல் பக்கத்தில் நின்று மாவை வீசி விரிக்கும்போது டியூப்லைட் வெளிச்சம் அதற்குள் தெரியுமே, அதே இழைதான் இதுவும். அதே மைதாதான். எண்ணெய் அங்கே வழுக்கவைக்கிறது, இங்கே ஈஸ்டின் காற்று ஊதவைக்கிறது.

இப்போது ஒரு துளியை நாக்கு நுனியில் வைத்து உப்பு இருக்கிறதா என்று பார்த்துத் துப்பிவிடுங்கள். இது அனுபவத்தில் படித்த பாடம். ஒருமுறை உப்பைக் கரைத்து வைத்த கிண்ணத்தை மறுநாள் பாத்திரம் கழுவும்போதுதான் பார்த்தேன். அன்றைக்கு மாவு ஏனோ விறுவிறுவென்று பொங்கியது, கொழகொழவென்று நிற்காமல் படர்ந்தது. உப்பு ஈஸ்டுக்குக் கடிவாளமும் மாவுக்கு முதுகெலும்பும் என்று அப்போது தெரியாது. சுட்டபிறகு பார்க்க அழகாகத்தான் இருந்தது. வாயில் வைத்தால் அட்டை. ஊறுகாய் வைத்துத் தின்றோம், வேறென்ன செய்ய.

ராத்திரி: மூக்குக்கு வேலை

எண்ணெய் தடவிய பாத்திரத்தில் போட்டு மூடி ஒரு மணி நேரம் வெளியே வையுங்கள். நடுவில் ஒருமுறை நான்கு ஓரத்தையும் இழுத்து நடுவில் மடித்துவிடுங்கள். மடிக்கும்போது காதைக் கிட்டே வைத்தால் சின்னச் சின்னக் குமிழ் உடைகிற 'புஸ்' சத்தம் கேட்கும். ஒன்றரை மடங்கு ஆனதும் மூடியோடு ஃப்ரிட்ஜில் வைத்துவிடலாம், 12 முதல் 16 மணி நேரம். வெளியே கிடைக்காத குளிரூர் ஃப்ரிட்ஜுக்குள் இருக்கிறது. அந்தக் குளிரில் ஈஸ்ட் அசமந்தமாகிவிடும், ஆனால் வாசமும் லேசான புளிப்பும் மாவில் நிதானமாகச் சேர்ந்துகொண்டே இருக்கும். மூன்று மணி நேரத்தில் அவசரமாகச் செய்த பிரட்டையும் இதையும் ஒரே நாளில் தின்று பார்த்தால் வித்தியாசம் தெரியும்.

காலையில் மூடியைத் திறந்ததும் முகருங்கள். பச்சை மாவு வாடை போயிருக்க வேண்டும். ஆப்ப மாவின் இனிப்புக் கலந்த புளிப்பு வாசம் வந்தால் சரி. சுருக்கென்று மூக்கில் ஏறினால் தாண்டிவிட்டது. அப்படித் தாண்டிப்போன ஒரு மாவைப் பார்த்து அத்தை "கள்ளுக்கடை வாசம் அடிக்குதேம்மா" என்று மூக்கைப் பொத்திக்கொண்டார். தப்பாகச் சொல்லவில்லை. பாக்கெட் ஈஸ்ட் வருவதற்கு முன் கோவாவின் ரொட்டிக்காரர்கள் பாவ் பொங்குவதற்குத் தென்னங்கள்ளைத்தான் ஊற்றினார்கள், நம் ஆப்பத்துக்கு ஊற்றியதைப் போலவே. சர்க்கரையைத் தின்று சாராயத்தையும் கரியமில வாயுவையும் விடுவது இரண்டு இடத்திலும் ஈஸ்ட்தான்.

தாண்டிய மாவை எறிய வேண்டாம். மெலிசாகத் தட்டி, மேலே எண்ணெய், வெங்காயம், கறிவேப்பிலை தூவி தட்டை ரொட்டியாகச் சுட்டுவிடுங்கள்.

ஞாயிறு காலை: உருட்டுவது

குளிர்ந்த மாவை மேடையில் கவிழ்த்து ஓரங்களை நடுவுக்கு இழுத்து ஒட்டி, திருப்பிப் போட்டு, இரண்டு கையாலும் அணைத்து மேடையோடு ஒட்டி உங்கள் பக்கம் இழுங்கள். மேல்தோல் விறைக்கும். இருபது நிமிஷம் மூடி வைத்து, இன்னொருமுறை அதேபோல். இதை எழுத்தில் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம், மூன்றாவது தடவை கைக்கு வந்துவிடும்.

காய் வடிகட்டுகிற ஓட்டைக் கிண்ணத்தில் பழைய பருத்தி வேட்டித்துணியை விரித்து அரிசி மாவைத் தாராளமாகத் தேய்த்து, உருண்டையை அழகான பக்கம் கீழாக வைத்து மூடுங்கள். அரிசி மாவு ஈரத்தை அவ்வளவு சீக்கிரம் குடிக்காது, அதனால் துணி ஒட்டாது. மைதா தூவினால் பசையாகிவிடும்.

இன்னும் ஒரு மணியிலிருந்து ஒன்றரை மணி. ஈர விரலால் அரை அங்குலம் குத்திப் பாருங்கள். பள்ளம் உடனே 'டக்'கென்று எழும்பினால் இன்னும் ஆகவில்லை. மெதுவாக, பாதி மட்டும் எழுந்து நின்றால் அடுப்புக்குப் போகலாம். எழும்பவே இல்லையென்றால் தாமதம், ஓடுங்கள்.

அடுப்பு

வீட்டு ஓடிஜி (சின்ன மின்சார ஓவன்) போதும். மூடியோடு உள்ளே நுழைகிற கனமான இரும்புச் சட்டி இருந்தால் அதையும் மூடியையும் வைத்து 230 டிகிரியில் அரை மணி காயவிடுங்கள். மூடியின் குமிழ் பிளாஸ்டிக் என்றால் கழற்றிவிடுங்கள், உருகும். நான்ஸ்டிக் பாத்திரம் கூடாது. சட்டி இல்லையென்றால் ஒரு தட்டில் பிரட், அடித்தட்டில் கொதிக்கிற தண்ணீர். குக்கரில் உப்பு கொட்டிச் சுடுகிறவர்களும் உண்டு. வேகும், ஆனால் மேலே சிவக்காது, எனக்கு அதில் திருப்தி இல்லை.

மூடியோ தண்ணீரோ, இரண்டும் ஆவிக்காகத்தான். முதல் சில நிமிஷங்களில் உள்ளே காற்று விரிந்து பிரட் எழும்பும். ஈஸ்ட் சாவதற்கு முன் கடைசியாக ஒரு ஆட்டம் போடும். அப்போது மேல்தோல் ஈரமாக, இளகி இருந்தால்தான் வழிவிடும். காய்ந்துவிட்டால் கண்ட இடத்தில் வெடிக்கும்.

உருண்டையை பட்டர் பேப்பரில் கவிழ்த்து, புது பிளேடால் நடுவில் ஒரே கீறல், அரை அங்குல ஆழம். தயங்கித் தயங்கிக் கீறினால் துணி மாதிரி இழுபடும். பேப்பரோடு தூக்கிச் சட்டியில் இறக்கி மூடி 25 நிமிஷம். கையுறையோ கனத்த துணியோ இல்லாமல் அந்தச் சட்டியைத் தொடாதீர்கள். இரும்பு பார்க்க எப்போதும் போலத்தான் இருக்கும்.

முதல் பத்து நிமிஷம் வருகிற வாசம் ஏமாற்றமாக இருக்கும். கொழுக்கட்டை வேகிற ஈர வாசம், அவ்வளவுதான். மூடியைத் திறந்ததும் ஆவி முகத்தில் அடிக்கும், உள்ளே வெளிறிய உருண்டை. இனி மூடாமல் 15, 20 நிமிஷம். இந்தக் கட்டத்தில்தான் வீடே மாறும். தோலின் ஈரம் போய் சூடு 140 டிகிரியைத் தாண்டும்போது மாவின் சர்க்கரையும் புரதத் துணுக்குகளும் வினைபுரிந்து சிவக்கத் தொடங்கும். 1912இல் லூயி காமில் மயார் என்ற பிரெஞ்சு வேதியியலர் விவரித்த வினை இது. தோசை ஓரம் முறுகுவதும், காப்பிக்கொட்டை வறுபடுவதும் இதே கூட்டம்தான்.

அப்போது சமையலறைக்குள் வந்த அத்தை, "பிரியாணிக்கு அரிசி போட்டிருக்கியா?" என்றார். நான் சிரித்தேன். பிறகுதான் படித்தேன், சிரித்தது என் தப்பு. பிரட் தோலின் வாசத்துக்கு முக்கியக் காரணமான 2-அசிட்டைல்-1-பைரோலின் என்ற பொருள்தான் பாஸ்மதி அரிசிக்கும் இலங்கைச் சமையலில் போடுகிற ரம்பை இலைக்கும் வாசம் தருகிறது. அத்தையின் மூக்கு எந்தப் புத்தகமும் படிக்காமலே அதைப் பிடித்துவிட்டது.

நிறத்தில் பயப்படாதீர்கள். வெளிர் பொன்னிறத்தில் எடுத்தால் தோல் ஆறும்போதே நமுத்துப்போகும். கீறலின் விளிம்பு கருப்பட்டி நிறத்துக்குப் போகும் வரை விடுங்கள். தலைகீழாகப் பிடித்து அடியில் விரல் முட்டியால் தட்டினால், சந்தையில் பானை வாங்கும்போது தட்டிப் பார்ப்போமே, அந்த 'டொங்' சத்தம் வர வேண்டும். 'தொப்'பென்றால் இன்னும் ஐந்து நிமிஷம். வெப்பமானி வைத்திருந்தால் நடுவில் 95 டிகிரி சுமார்.

கேட்பது, காத்திருப்பது

கம்பித் தட்டில்தான் வைக்க வேண்டும், அடியிலும் காற்று போக. ஃபேனை நிறுத்துங்கள், டிவியையும். முறுகிய தோல் ஆறிச் சுருங்கும்போது மயிரிழை விரிசல்கள் ஓடும், அதன் சத்தம்தான் அந்த சருகுப் பேச்சு. பிரட் பாடுகிறது என்பார்கள் ரொட்டிக்காரர்கள். ஐந்து நிமிஷத்துக்குள் அடங்கிவிடும், அதனால் குளிக்கப் போகிறவர்களைக்கூட நான் நிறுத்திவைத்துக் கேட்கச்சொல்வேன். மழைக்காலத்தில் சத்தம் குறைவாக இருந்தால், அடுப்பை அணைத்தபிறகு கதவை லேசாகத் திறந்து பத்து நிமிஷம் உள்ளேயே வைத்து உலரவிட்டுப் பாருங்கள்.

ஒரு மணி நேரம் வெட்டக்கூடாது. இது எனக்கும் ஒவ்வொரு முறையும் சிரமம்தான். உள்ளே ஈரம் இன்னும் இடம் பிடித்து அமரவில்லை, வெந்த மாவுச்சத்து இறுகவில்லை. சூட்டில் வெட்டினால் கத்தியில் களி மாதிரி அப்பி, அந்தப் பக்கம் முழுக்கப் பிசுபிசுக்கும். உள்ளங்கையை அடியில் வைத்தால் வெதுவெதுப்பு மட்டும் தெரிய வேண்டும், அப்போது பல் வைத்த கத்தியால் அமுக்காமல் அறுங்கள்.

நுனித் துண்டுக்கு எங்கள் வீட்டில் சண்டை. அதில்தான் தோல் அதிகம். கடித்தால் முதலில் உடைகிறது, பிறகு இழுக்கிறது, மெல்ல மெல்ல இனிக்கிறது. நான் வெண்ணெயும் இரண்டு கல் உப்பும் வைத்துத் தின்பேன். யாழ்ப்பாணத்துத் தோழி ஒருத்தி அவர்கள் ஊர்ப் பாணை நினைத்து இடிசம்பல் இடித்துக்கொண்டு வந்தாள், தேங்காயும் செத்தல் மிளகாயும். பிரட்டுக்கு அவர்கள் சொல்கிற பாண் என்பது போர்த்துக்கீசியர் விட்டுப்போன சொல். கோவாவில் பாவ், ஜப்பானில் பான், எல்லாம் அந்த ஒரே கப்பலில் வந்தவை. அத்தை இதில் எதையும் ஏற்கவில்லை. இட்லிப் பொடியில் நல்லெண்ணெயைக் குழைத்து பிரட்டின் ஓட்டைகளுக்குள் இறங்கும்படி தடவினார். பிரமாதமாக இருந்தது என்று ஒப்புக்கொள்கிறேன்.

மிச்சம் இருந்தால்

வெட்டிய முகத்தைப் பலகையில் கவிழ்த்து மேலே துணி போட்டு வைத்தால் முதல் நாளுக்குப் போதும். பிளாஸ்டிக் பையில் போட்டால் தோல் தோலாகவே இருக்காது. ஃப்ரிட்ஜில் மட்டும் வைக்காதீர்கள். பிரட் காய்ந்து போவதால் மட்டும் விறைப்பதில்லை; ஈரம் போகாமல் மூடி வைத்தாலும் பழசாகும், சூடு காட்டினால் மறுபடி இளகும் என்று பூசாங்கோ என்ற பிரெஞ்சு அறிவியலாளர் 1852இலேயே காட்டிவிட்டார். மாவுச்சத்து மீண்டும் இறுகுவதுதான் காரணம், ஃப்ரிட்ஜின் குளிர் அதை வேகப்படுத்தும். இரண்டு நாளுக்கு மேல் என்றால் துண்டு போட்டு ஃப்ரீசரில் வையுங்கள்.

மூன்றாம் நாள் துண்டுகளை தோசைக்கல்லில் நெய் விட்டு, மேலே ஒரு கிண்ணத்தைக் கனத்துக்கு வைத்து, இரண்டு பக்கமும் முறுகவிடுங்கள். போன வாரம் அப்படிச் செய்துகொண்டிருந்தபோது மாமா வாசலில் இருந்தே கேட்டார், "இன்னைக்குமா சுட்டே?"